பழுது பார்த்தலும் புதுக்கலும்

ஒரு பொருள் கெட்டுவிட்டால் அதனைச் செப்பஞ் செய்வதற்கு நம்மவர் வழங்கும் சொல் பழுது பார்த்தல் என்பது. பழுது நீக்கல் என்று வழங்கவில்லை. பழுது பார்த்தல் என்றே வழங்கினர். எண்ணி இட்ட சொல்லோ, எண்ணாது வாயில் வந்த சொல்லோ, அத்தொழிலின் பெரும்பகுதி பார்ப்பதிலேயே அடங்கியிருக்கின்றது என்பதை அது காட்டிவிடுகின்றது. வைத்தியர் நாடி பார்க்கிறார். சோதிடர் ஏடு பார்க்கிறார். அவ்வாறே பழுதையும் ஒருவர் பார்க்க வேண்டும். பாராமற் கழற்றுபவர் பழுது பார்ப்பவர் அல்லர், கழற்றுபவர், அவ்வளவே.

இதனை இங்கே எடுத்ததற்குக் காரணம் பழைய கார்கள். யாழ்ப்பாணத்திற் பழைய கார் வைத்திருப்போர் இந்நாளில் இருதிறத்தினராகப் பிரிந்துவிட்டனர். ஒரு திறத்தார் தம் வீட்டு முற்றத்திலே, தம் கையாலே, சனிக்கிழமைதோறும் ஏதோ ஒன்றைத் துடைத்தும் இறுக்கியும் அதனை ஓடவைக்கின்றனர். மற்றத் திறத்தார் அதனைத் தொலைவிலுள்ள பட்டறை ஒன்றுக்கு ஏற்றி அனுப்பி, பல மாதங் கழித்து, தொழிற்சாலையிலிருந்து அன்றே இறங்கியது போல மினுங்கும் ஒரு பொருளைத் திரும்பப் பெறுகின்றனர். முன்னையது பேணல், பின்னையது புதுக்கல். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, பின்னையதே உயர்ந்தது என்று பாராட்டும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. அது தவறு என்பது என் துணிபு. அதனால் மீட்டும் பெறமுடியாத ஒன்றை நாம் இழந்து வருகின்றோம் என்பதும் என் துணிபு.

பண்டிதருக்குக் காபரேற்றரில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும். செல்லரித்த ஏட்டின் முன் அமர்ந்து எழுத்தெது, புழு தின்ற துளையெது என்று பிரித்தறிவதற்கு எத்தகைய பொறுமை வேண்டுமோ, அத்தகைய பொறுமையே திறந்த பொனற்றின் முன்னும் வேண்டப்படுகின்றது. கையில் மை ஒட்டுவதற்குப் பதிலாகக் கிறீஸ் ஒட்டும்; வேறுபாடு அதுதான்.

இக்கார்கள் இங்கே நிலைபெற்ற வரலாறு நீண்டதன்று. 1950களிலே பிரித்தானியக் கார்கள் இத்தீவுக்குத் தாராளமாக வந்தன. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் ஏ55, பின்னர் ஏ60, மொறிஸ் மைனர் முதலாயின வைத்தியர், அப்புக்காத்து, அதிபர் முதலியோர் வாசல்களில் நின்றன. 1960களில் அந்நியச் செலாவணி அருகியபோது இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய கார் என்பது பெரும்பாலார்க்கு எட்டாக் கனியாயிற்று. உள்ளதைக் காத்தலன்றி வேறு வழி இல்லை. அவற்றுட் பல ஹயர்க் கார்களாக மாறி, கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடி, பட்டணத்து வீதிகளில் ஊறிப்போயின.

மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த அக்கார் 1948இல் இலண்டனிற் காட்சிக்கு வந்தது. அதனைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. மாதிரிக் கார் முற்றாகியபின், ஒடுங்கியிருக்கின்றது என்று வகுத்தவர்க்கே தோன்றிற்றாம். காரை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நாலு அங்குலம் இடைவிட்டு, மீண்டும் பொருத்திப் பார்த்தனர். வடிவம் அமைந்துவிட்டது. அதனாலேதான் அதன் பொனற்றின் நடுவே ஒரு தட்டையான பட்டி ஓடுகின்றது. முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்களாம். ஆக, பிறக்கும்போதே ஒட்டுப்போட்டுப் பிறந்த கார் அது. பிரித்தானியாவிற் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் காரும் அதுவே. இதனை நான் விரித்துரைப்பது, ‘மூல வடிவம்’ என்று சிலர் பூசைக்கு வைக்கும் பொருளே திருத்தத்தாற் பிறந்தது என்பதைக் காட்டுதற்கு.

அக்காலத்துக் கார்கள் உடையவன் தானே பார்க்கத்தக்கனவாகச் செய்யப்பட்டன. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு இருபுறமும் தரை தெரியும். கை நுழைய இடமுண்டு. காருடன் வந்த கைந்நூல், பிளக்கை எப்படிக் கழற்றுவது, வால்வு இடைவெளியை எப்படி அளப்பது என்று உடையவனுக்கே கற்பித்தது. இற்றைக் காரின் கைந்நூல் பெரும்பாலும், எதனைத் தொடாதே என்றுதான் கற்பிக்கின்றது.

காலையிலே எஞ்சின் பிடிக்க மறுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பதறியவர் பற்றரி இறங்கும்வரை ஸ்ராட்டரை இழுப்பார். பழுது பார்ப்பவர் முதலிற் செவி கொடுப்பார். சாவியைத் திருப்பியதும் பெற்றோற் பம்பு பல்லி சொல்வது போல விரைந்து அடித்து, காபரேற்றர்க் கிண்ணம் நிறைந்ததும் அடங்க வேண்டும். ஒலியே இல்லையெனில் பம்பின் உள்ளேயுள்ள மின்தொடுகை ஒட்டிக்கொண்டது. ஸ்பனரின் பிடியால் மெல்லத் தட்டினால் உயிர்பெறும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகின்றது. ஓர் ஒலியிலிருந்து இத்தனை செய்தி! பொருள்கோள் என்பதும் இதுதானே.

பம்பு சரியெனில் அடுத்துப் பார்க்க வேண்டியது தீப்பொறி. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றினால், உள்ளே இரண்டு சிறு தொடுமுனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். அவை கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் ஒருமுறை இழுத்து, விலகும்போது இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்காக இருக்கும்படி அமைத்தல் வேண்டும். அதனை அளக்கும் தகடு கைவசம் இல்லாத காலத்தில், தடித்த கலியாண அழைப்பிதழைக் கத்தரித்துச் செருகி அளந்தவர்களை நான் அறிவேன். மணமக்கள் வாழ்ந்தார்களோ இல்லையோ, கார் ஓடிற்று.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நாவை நீட்டச் சொல்லி வைத்தியர் பார்ப்பதை ஒக்கும். முனை மங்கலான மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் நலமாக உண்டு செரிக்கின்றது. காய்ந்த கரியாயிருந்தால் பெற்றோல் மிகுகின்றது. எண்ணெய் ஈரமாயிருந்தால் பிஸ்ரன் வளையமோ வால்வின் வழிகாட்டியோ தேய்ந்துவிட்டது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று மிகுந்து வெப்பம் கடந்துவிட்டது. நாலு பிளக்கையும் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பலகையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், நாலு உருளைகளின் வாழ்க்கையும் நாலு வரியாகத் தெரியும். இதற்குக் கணனி வேண்டியதில்லை. கண் வேண்டும், முன்பு கண்டதை மறவாத நெஞ்சு வேண்டும்.

எல்லாம் இவ்வளவு இனிமையாக முடியும் என்று மாணாக்கர் எண்ணிவிடலாகாது. துரு உண்டு. கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் அது நித்திய சத்துரு. மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்றகடே எலும்பு. கதவின் கீழ்ப்பட்டியும் அடித்தகடும் அரித்துவிட்டால், மேலே பூசிய வர்ணம் பொய். 1990களில் தென்னிலங்கையிலே இக்காரின் உடற்றகடுகளைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இயங்கியது. காரைப் பெற்ற நாட்டுக்கே தகடு வார்த்துக் கொடுத்த கைகள் இத்தீவில் இருந்தன. அதே 1990களில், வடக்கே வேறொரு வகையான கைவேலை நடந்துகொண்டிருந்தது. அதனைச் சொல்லவே இத்துணையும் சொல்லி வந்தேன்.

1990இற் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் இல்லை. பற்றரி இல்லை. உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெய் மாத்திரம் அளவாக வந்தது. அப்பொழுது நான் இருபது வயது இளைஞன். வீதியிலே மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயிலே ஓடின; வெண்புகையும் கண்கரிப்பும் அக்காலத்தின் அடையாளமாயின. புதியதாக வந்த யப்பானிய வாகனங்கள் பல முடங்கி நிற்க, அப்பன் காலத்து ஒஸ்ரினும் மொறிசும் எழுந்து நடந்தன.

இது அற்புதம் அன்று, காரணம் உண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது எரிய மறுக்கும். அழுத்தம் மிகுந்தால் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதமோ ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. இற்றைநாட் பெற்றோல் எஞ்சின்களிற் பத்துக்கு ஒன்று எனவும் அதற்கு மேலும் செல்லும். மேலும், மொறிஸ் மைனரின் எஞ்சினிலே கலவை உட்செல்லும் வழியும் புகை வெளிவரும் வழியும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. புகையின் வெப்பம் கலவையை ஆவியாக்கிவிடும். ஆதலின், ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இங்கிலாந்திலே பேகுசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இவ்வண்ணமே பெற்றோலில் எழுந்து, மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் உழுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. நம்மவர் தொழிற்சாலை இன்றிச் செய்தனர்.

செய்ததற்கு விலையும் கொடுத்தனர். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் பக்கத்தால் வழிந்து எஞ்சின் ஒயிலிற் கலக்கும். ஒயிலை அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஒயில் நாளுக்கு நாள் ஏறியிருக்கும். பெருக்கம் என்று மகிழ்வதற்கில்லை. நீர்த்துப்போன ஒயில் தாங்கிகளைத் தின்றுவிடும். இதனை அறிந்த மெக்கானிக்குமார் ஒயிலை விரலிடையே தேய்த்தும் மணந்தும் பார்த்து, இன்னும் எத்தனை நாளைக்கு ஓடலாம் என்று சொன்னார்கள். கிடையாத உறுப்புக்களைக் கடைச்சற் பட்டறையிலே கடைந்தார்கள். ஒரு காரிலிருந்து கழற்றியதை வேறோர் இனத்துக் காருக்கு ஏற்ப அராவினார்கள். செப்புக் குழாயை வளைத்து இரண்டாந் தாங்கி பொருத்தினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த மழையிரவிலே, நாவற்குழி வழியாக நடைவேகத்தில் ஊர்ந்த வாகனங்களுள் இத்தகைய கார்களும் இருந்தன. முதியோரையும் நோயாளரையும் அவை ஏற்றிச் சென்றன.

அந்தக் கார்களைத்தான் இன்று புதுக்குகின்றனர்.

புதுக்குவோர் முதலிற் செய்வது என்ன? தொழிற்சாலை வைக்காத எதனையும் பிடுங்கி எறிவது. கடைந்த உறுப்பு, வளைத்த செப்புக் குழாய், இரண்டாந் தாங்கியின் சுவடு, தகட்டின் மேல் இட்ட ஒட்டு யாவும் பழைய இரும்புக்காரனிடம் போய்விடுகின்றன. அவற்றினிடத்திலே இங்கிலாந்திலிருந்து தபாலில் வருவித்த உறுப்புக்கள் அமர்கின்றன. கார் 1958 ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடுகின்றது. இடையில் யாதும் நடவாதது போல நிற்கின்றது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கார் சில வருடங்களுக்கு முன் இவ்வாறு வந்து சேர்ந்தது. அழகுதான். வீட்டுக்காரியான ஆச்சி அதனைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “இது ஆற்றை கார் மோனை?” என்று மகனைக் கேட்டார்.

ஏட்டுப் பதிப்பிலே பழகியவர்களுக்கு இதன் குற்றம் உடனே விளங்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவர் முன் இருந்தது நூலாசிரியர் கையெழுத்தன்று. பல நூற்றாண்டுகளாக எவரெவரோ படியெடுத்த ஏடுகள். படியெடுத்தோன் ஒருவன் இல்லாதிருந்தால் நூலே இல்லை. அவன் கை பட்ட இடங்களைப் பதிப்பாசிரியன் ஆராய்வான், குறிப்பான், சிலவற்றைக் கொள்ளான். ஆனால் ஏட்டையே எரித்துவிட்டுத் தன் படியை மாத்திரம் வைத்துக்கொள்ளான். மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக் அப்படியெடுத்தோன் போன்றவன். அவன் வேலை பாடபேதம் போன்றது. அதனை அழித்தபின் மூலம் மிஞ்சுகின்றது என்பர் சிலர். சங்கிலி அறுந்துவிட்டது என்பேன் நான்.

எஞ்சினையே மாற்றியவர்களைப் பற்றி என்ன சொல்வது? பழைய ஒஸ்ரினின் உடலுக்குள் யப்பானிய டீசல் எஞ்சினை இறக்கிய கார்கள் நம்மிடையே பலவுண்டு. கூடுவிட்டுக் கூடு பாய்தல் சித்தர்க்கே உரியது என்று எண்ணியிருந்தோம். ஹயர் ஓடிப் பிள்ளைகளைப் படிப்பித்தவர் அதனைச் செய்தாரெனில் நான் குறைகூறேன். எரிபொருட் கணக்கு அவர் கணக்கு. வீட்டிலே அழகுக்கு நிறுத்துவதற்கு அதனைச் செய்பவர் இடைச்செருகல் செய்பவர். பாரமான எஞ்சினைத் தாங்கவும் நிறுத்தவும் பழைய ஸ்பிறிங்கும் பழைய பிறேக்கும் போதுமா என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரா என்பதும் ஐயமே.

இவ்விடத்திலே எதிர்வாதம் ஒன்று எழும், அது வலியது. பழையதெல்லாம் போற்றத்தக்கது எனில், பழைய பிறேக்கையும் போற்றுவதா என்பது. ஒருபோதும் இல்லை. உயிர்காக்கும் உறுப்புக்களிற் பழமைக்கு இடமே கிடையாது. மொறிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் திருகாணிக்குக் கிறீஸ் ஊட்டாமல் விட்டால், மரை தேய்ந்து கழன்று, ஓடும்போதே சில்லு மடிந்து வண்டி முகங்குப்புறச் சாயும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ்த் துப்பாக்கியுடன் கீழே படுத்தெழும்பச் சோம்புபவர் அக்காரை வைத்திருக்கத் தகுதியற்றவர். அதன் பிறேக் ஒயிற் குடுவையோ சாரதியின் காலடியிலே, விரிப்பின் கீழே, ஒரு சிறு மூடிக்குள் மறைந்திருக்கின்றது. கண்ணிற் படாததால் அதனை மறந்தோர் பலர். அதற்குள்ளே அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை விட்டவர்களும் உளர்; இயற்கை இறப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்துப் பிறேக் அடைத்துக்கொள்ளும். தேய்ந்த பிறேக், ஆடும் ஸ்ரியறிங், நொறுங்கிய மின்வயர், வெடித்த ரயர் இவற்றுக்குப் புதியதையே இடுக. தடைக்காலத்திற் கடைந்த பிறேக் உறுப்பு ஒன்று அகப்பட்டால் கழற்றிவிடுக. ஆனால், எறியற்க.

இப்பொழுது இதனை எழுதுதற்கு அவசரம் யாது? வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீளவும் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்திலே, சில்லிருந்த எதற்கும் விலை வந்தது. 2022இற் பெற்றோல் வரிசையிலே நின்ற இளைஞர், தந்தையார் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை முதன்முறையாகச் செவிகொடுத்துக் கேட்டனர். கதை கேட்டார்களேயன்றி, செய்முறையை எவரும் எழுதிக்கொண்டதாக நான் அறியேன். எழுபதும் எண்பதும் கடந்த மெக்கானிக்குமார் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர். அவர்களுடன் சொற்களும் போகின்றன. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் தமிழிற் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது, அறிஞர் பலர் உழைத்தனர், நன்று. ஆயினும் பட்டறையிலே வழங்கிய ‘இழுவை’, ‘கடைச்சல்’, ‘அராவல்’, ‘பிடித்து இறுகல்’ என்னும் சொற்களை, எந்தப் பழுதை எந்தச் சொல்லாற் குறித்தனர் என்னும் விளக்கத்துடன் தொகுக்க எவரும் அமரவில்லை. எஞ்சின் ‘இருமுகின்றது’ என்பதும் ‘மூச்சு வாங்குகின்றது’ என்பதும் ஒன்றல்ல. முன்னையதற்குக் காரணம் பற்றவைப்பிலே தேடப்படும். பின்னையதற்கு எரிபொருள் வழியிலே. இத்தகைய நுட்பத்தை அகராதியிற் காணேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு ஆய்வுக்கட்டுரை எழுதக் கொடுக்கும்போது, நூலகத்தில் உள்ளதையே திரும்பவும் படியெடுக்க விடாமல், இருவர் இருவராகப் பட்டறைகளுக்கு அனுப்பலாம். தமிழ் படிப்பவன் சொல்லைக் குறித்துவரட்டும். பௌதிகம் படிப்பவன் மண்ணெண்ணெய் ஏன் தட்டிற்று என்பதைக் குறித்துவரட்டும். கையிற் கிறீஸ் ஒட்டினால் பெற்றோர் முறையிடுவர். ஒட்டிய கையோடு வீடு செல்ல விடுக.

கார் உடையோருக்கும் ஒன்று சொல்வேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். முதற்பக்கத்தில் இலக்கத் தகட்டின் எண். தகட்டைப் புதுக்கக் கொடுக்கும் முன்னர் அதன் படம். 1957இற் சிங்கள ஸ்ரீ எழுத்து வாகனத் தகடுகளிற் புகுந்ததும், அதனை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீயை எழுதியவர் வழக்கை ஏற்றதும் நம் வரலாற்றின் பகுதி. தகடும் ஓர் ஆவணமே. அடுத்த பக்கங்களில், எந்த நாளில் எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, மாற்றியவர் யார், எதிலிருந்து செய்யப்பட்டது என்பன. கழற்றிய பழைய உறுப்புக்களை ஒயிற் பூசிக் கடதாசியிற் சுற்றி, பெயரெழுதி, ஒரு பிஸ்கற்றுப் பெட்டியிலே இட்டு வைக்கலாம். 1990 முதல் 1996 வரையான பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். செய்தவர் பெயர் குடும்பத்தாருக்கும் நினைவிராது. அவ்வாறாயின் காரையே முதிய மெக்கானிக் ஒருவர் வாசலுக்குக் கொண்டுபோய், தகட்டில் உள்ள ஒட்டைக் காட்டிக் கேட்கலாம். ஒட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, இது இன்னார் கை என்று சொல்லத்தக்கவர் சிலர் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர்.